பல் பதிந்த அட்டை

என் மேசையில் ஓர் அட்டை கிடக்கிறது. நீளம் இரண்டு அங்குலம், அகலம் இரண்டு அங்குலம். முன்பக்கம் ஊஞ்சலின் புகைப்படம். பின்பக்கம் நடுவில் நகத்தளவு வெல்க்ரோ வட்டம். மேலே போட்ட லேமினேஷன் ஒரு மூலையில் பிளந்து, உள்ளே ஈரம் இறங்கி, ஊஞ்சலுக்குப் பின்னால் நிற்கும் வேப்பமரம் பழுப்பேறிவிட்டது. அந்த மூலையில் வரிசையாக நான்கு பல் தடங்கள். கடித்தவன் என் அக்கா மகன். அப்போது அவனுக்கு நான்கு வயது. அதற்கு முந்தைய வருடம் முழுக்க அந்தப் பற்கள் பதிந்தது அக்காவின் முன்கையில்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு வரவில்லை. மாலை நாலு மணி ஆனால் அக்காவின் கையைப் பிடித்து இழுப்பான். அவள் தண்ணீர் கொடுப்பாள், தட்டிவிடுவான். பிஸ்கட் கொடுப்பாள், எறிவான். டிவியைப் போடுவாள், தலையைச் சுவரில் முட்டுவான். "என்னடா வேணும் உனக்கு?" என்று அவள் குனிந்து கேட்கும்போது கடி விழும். அந்த வருடக் கல்யாணங்களுக்கெல்லாம் முழுக்கை ரவிக்கையில்தான் போய் வந்தாள். தெரிந்தவர்கள் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: "செல்லம் ஜாஸ்தி. நாலு போடு போட்டா அடங்கிடும்."

அந்த வீட்டுக்குள் பிறகு நுழைந்ததுதான் இந்த அட்டை. பிறந்தது திருச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில். பூர்வீகம் ரொம்ப தூரம்.

ஷாங்காய்

படத்தைக் காட்டிப் பேசும் எண்ணம் பல இடங்களில் ஊற்றெடுத்திருக்கிறது. அவற்றில் ஒன்று கார்ல் பிளிட்ஸ் என்பவரிடமிருந்து வந்தது. 1897-ல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் செர்னோவிட்ஸ் நகரில் பிறந்த யூதர். ஒரே ஊருக்குள் பல மொழிக்காரர்கள் ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டு வாழ்வதைப் பார்த்து வளர்ந்தவர். 1938-ல் நாஜிகள் அவரை டாக்காவ் வதைமுகாமுக்கும் பிறகு பூகன்வால்டுக்கும் அனுப்பினார்கள். உயிர்தப்பி, சார்லஸ் பிளிஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு, ஷாங்காய் போய்ச் சேர்ந்தார். அங்கே சீன எழுத்துகள் அவரைப் பிடித்துக்கொண்டன. ஒருவர் பேசினால் இன்னொருவருக்குப் புரியாத இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே எழுத்தைப் பார்த்து அவரவர் பேச்சில் வாசித்தார்கள். பொருள் போய்ச்சேர ஒலி தேவைப்படவில்லை.

உலகத்துக்கே பொதுவான குறிமொழி ஒன்று இருந்தால் சண்டையே வராது என்று நம்பி, வருடக்கணக்கில் உழைத்து, 1949-ல் ஆஸ்திரேலியாவில் அதைப் புத்தகமாக்கினார். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1971-ல் கனடாவின் டொரான்டோ நகரில், மூளை முடக்குவாதத்தால் பேச இயலாத குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன ஷர்லி மக்நாட்டன் என்ற ஆசிரியை அந்தக் குறிகளைத் தேடி எடுத்துப் பலகையில் ஏற்றினார். குழந்தைகள் குறிகளைச் சுட்டிக்காட்டித் தங்கள் மனதில் இருப்பதைச் சொன்னார்கள். பிளிஸ் முதலில் பூரித்துப்போனார். பிறகு என் குறிகளை இஷ்டத்துக்கு மாற்றுகிறார்கள் என்று அவர்களோடு பல வருடம் மல்லுக்கு நின்றார். உலக சமாதானத்துக்காகச் செய்த மொழி கடைசியில் ஒரு குழந்தை தண்ணீர் கேட்கத்தான் உதவியது. அது சிறிய உபயோகம் என்று, கடிபட்ட கையோடு இருக்கும் எந்தத் தாயும் சொல்லமாட்டாள்.

பத்தே வருடத்தில், குறிகளைவிடச் சுலபமாக அடையாளம் தெரிகிற கோட்டோவியப் படங்கள் அமெரிக்காவிலிருந்து புத்தகமாக வந்தன. அட்டைக்கு முகம் கிடைத்தது அப்படித்தான்.

நாயுருவி

அட்டையின் முதுகுக்கு வேறு வம்சாவளி. 1941-ல் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிஸ் பொறியாளர் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் நாயோடு வேட்டைக்குப் போய்த் திரும்பினார். அவர் கால்சட்டையிலும் நாயின் ரோமத்திலும் முள்விதைகள் அப்பியிருந்தன. நம் ஊரில் வேட்டி நுனியில் நாயுருவி ஒட்டினால் உதறிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். இத்தனைக்கும் பெயரிலேயே நாயை வைத்திருக்கிறோம். அவர் விதையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முள்ளின் நுனியும் கொக்கியாக வளைந்திருந்தது. அந்தக் கொக்கியை நைலானில் செய்து முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. பிரெஞ்சில் வெல்வெட்டுக்கும் கொக்கிக்கும் உள்ள சொற்களைச் சேர்த்து வெல்க்ரோ என்று பெயர் வைத்தார். தையல் சாமான் கடையில் இன்றைக்கு மீட்டர் கணக்கில் வாங்குகிறோம்: ஒரு பட்டை சொரசொரப்பு, மறு பட்டை மெத்தென்று.

ஒட்டுகிற சமாச்சாரத்துக்கு இவ்வளவு கதை எதற்கு என்று தோன்றலாம். புத்தகத்தில் அச்சான படத்தைச் சுட்டத்தான் முடியும். ஆள் பார்க்காத நேரத்தில் சுட்டினால் அது யாருக்கும் போய்ச் சேராது. பிய்த்து எடுக்க முடிகிற படத்தை இன்னொருவர் கையில் கொண்டுபோய் வைக்கலாம். கையில் விழுந்ததை யாரும் பார்க்காமல் இருக்க முடியாது. இதைக் கண்டுபிடிப்பவர்கள் வர இன்னும் நாள் இருந்தது.

அடி போட்ட காலம்

அட்டையின் முகமும் முதுகும் தனித்தனியாக உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஆட்டிசக் குழந்தைகள் பட்ட பாடு சொல்லி மாளாது. 1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்த நிலைக்கு மருத்துவ உலகில் தனி அடையாளம் வந்தது. தொடர்ந்து வந்தவர்கள் பழியைத் தாய் மீது போட்டார்கள். தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்ற வாதத்தை 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு முழுப் புத்தகமாக்கி ஊரெல்லாம் பரப்பினார். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஐவார் லோவாஸ் வேறு வழியில் போனார். பொறுமையாக, படிப்படியாகக் கற்பித்தால் இந்தக் குழந்தைகளால் கற்க முடியும் என்று காட்டியவர் அவர்தான். அதே ஆய்வுக்கூடத்தில் குழந்தைகளைக் கத்தி அதட்டினார்கள், அறைந்தார்கள், மின்சார அதிர்ச்சியும் கொடுத்தார்கள். 1965-ல் லைஃப் பத்திரிகை அந்தப் படங்களை வெளியிட்டது. எங்களுக்குத் தெரிந்தவர்கள் சொன்ன "நாலு போடு" அங்கே வெள்ளைக்கோட்டு போட்டுக்கொண்டிருந்தது.

அடித்தால் கை நிற்கும். கை எதற்காக எழுந்தது என்பது மட்டும் தெரியாமலே போகும்.

மாற்றுக்குரல் வட கரோலினாவிலிருந்து வந்தது. எரிக் ஷாப்ளர் சிறுவயதில் குடும்பத்தோடு நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். பெட்டல்ஹைம் கோலோச்சிய சிகாகோவில் படித்து, அவர் சொன்னதை ஒப்புக்கொள்ளாதவர். பெற்றோர் குற்றவாளிகள் அல்லர், சிகிச்சையில் கூட்டாளிகள் என்றார். அவரும் ராபர்ட் ரைக்லரும் தொடங்கிய திட்டத்தை 1972-ல் மாநில அரசே ஏற்றுக்கொண்டது. காதால் வாங்குவதைவிடக் கண்ணால் வாங்குவது இந்தக் குழந்தைகளில் பலருக்குச் சுலபம் என்று கண்டு, அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்பதை வரிசையாகக் கண்முன் வைத்தார்கள். அட்டைக்கு இப்போது சுவரில் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அது பெரியவர் குழந்தைக்குச் சொல்வதையே சொல்லிக்கொண்டிருந்தது. குழந்தை திருப்பிச் சொல்ல வழி பிறக்கவில்லை.

1985

வழி பிறந்த வருடம் 1985. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இரண்டு இடங்களில்.

அதற்கு மூன்று வருடம் முன்னால் பால்டிமோரில் பிரையன் ஐவாட்டாவும் சகாக்களும் தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது குழந்தைகளை வெவ்வேறு சூழலில் வைத்துக் கவனித்திருந்தார்கள். வெளியே பார்க்க ஒரே முட்டல், ஒரே கடி. காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவனுக்குக் கஷ்டமான வேலையிலிருந்து தப்பவேண்டும். இன்னொருவனுக்கு யாராவது திரும்பிப் பார்க்கவேண்டும்.

1985-ல் நியூயார்க் மாநிலத்தில் எட்வர்ட் காரும் மார்க் டூராண்டும் அடுத்த அடியை வைத்தார்கள். நான்கு குழந்தைகள். பாடம் கடினமானதால் ரகளை செய்தவர்களுக்கு உதவி கேட்கும் வாக்கியம் ஒன்றும், யாரும் கவனிக்காததால் ரகளை செய்தவர்களுக்குப் பாராட்டைக் கேட்டு வாங்கும் வாக்கியம் ஒன்றும் சொல்லிக்கொடுத்தார்கள். காரணத்துக்குப் பொருந்திய வாக்கியம் வாயில் வந்ததும் ரகளை இறங்கியது. பொருந்தாத வாக்கியத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தாகத்தில் இருப்பவனுக்குச் சோறு கேட்கக் கற்றுக்கொடுத்து என்ன லாபம்? குழந்தையின் அடியும் கடியும் ஒரு சேதி. அதே சேதியைக் குறைந்த செலவில் அனுப்ப வழி கொடுத்துவிட்டால் அடிக்கு வேலை போய்விடுகிறது.

ஆனால் வாக்கியம் சொல்ல வாய் வேண்டும். வாய் திறக்காத குழந்தைகளுக்கான பதில் அதே வருடம் டெலவர் மாநிலத்தில் உருவானது. ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் ஆட்டிசக் குழந்தைகளுக்கான அரசுப்பள்ளித் திட்டம் ஒன்றில் வேலை செய்தவர்கள். பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒரு மனிதரிடம் போய் ஒன்றைக் கேட்டு வாங்கத் தெரியட்டும் என்று ஆரம்பித்தார்கள். குழந்தை ஒரு படத்தை எடுத்து எதிரே இருப்பவர் கையில் வைக்கவேண்டும். வைத்த நொடியில் கேட்ட பொருள் கிடைக்கவேண்டும். கற்றுக்கொடுக்க இரண்டு பெரியவர்கள் தேவை: ஒருவர் எதிரே பொருளோடு, இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து குழந்தையின் கையை வழிநடத்த. இருவரில் யாரும் "என்ன வேணும்?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் குழந்தை கேள்வி வரும்வரை காத்திருக்கப் பழகிவிடும்.

கொடு, வாங்கிக்கொள். யோசித்துப் பார்த்தால் இது பணம். நம் ரூபாய் நோட்டிலும் ஒரு வாக்குறுதி அச்சாகியிருக்கிறது: இதைக் கொண்டுவருபவருக்கு இத்தனை ரூபாய் தருகிறேன் என்று ரிசர்வ் வங்கியின் ஆளுநர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கையெழுத்தை ஊர் நம்பும்வரைக்கும்தான் அது பணம். படஅட்டையும் அப்படியே. முருங்கைக்காய் படத்துக்கு முருங்கைக்காய் வராத வீட்டில் அது வெறும் பிளாஸ்டிக். இந்த முறையில் பயிற்சி பெற்ற மூன்று ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி 2002-ல் வந்த ஆய்வில் பேச்சு கூடியதும் முரட்டுத்தனம் குறைந்ததும் சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன.

எது முதலில்?

கேட்பது ஒரு கலை என்றால் தேர்ந்தெடுப்பது இன்னொரு கலை. காலை எழுந்ததிலிருந்து ஒரு சின்னக் குழந்தையின் நாளைக் கவனித்துப் பாருங்கள். சட்டை எது என்று நாம் முடிவு செய்கிறோம். எப்போது குளியல், எந்தத் தட்டு, எந்தப் பாட்டு, எல்லாம் நாம்தான். பேசுகிற குழந்தை "மாட்டேன்" என்று அடம்பிடித்தாவது தன் பங்கை வாங்கிக்கொள்ளும். பேசாத குழந்தையிடம் பல்லும் நகமும்தான் மிச்சம்.

1990-ல் கேத்லீன் டையர், க்ளென் டன்லப், வின்செண்ட் விண்டர்லிங் மூவரும் இதை நேரடியாகச் சோதித்தார்கள். அடிப்பதும் தன்னையே காயப்படுத்திக்கொள்வதுமாக இருந்த மூன்று மாணவர்கள். சில வேளைகளில் எந்தப் பாடம், எந்தப் பரிசு என்பதை அவர்களே எடுத்துக்கொள்ளலாம். சில வேளைகளில் ஆசிரியர் முடிவு செய்வார். தேர்வு கையில் இருந்த வேளைகளில் மூவரிடமும் முரட்டுத்தனம் குறைந்தது.

பிடித்ததை எடுத்தார்கள், அதனால் அமைதியாக இருந்தார்கள், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். டன்லப்பும் அதையே கேட்டுக்கொண்டார். 1994-ல், ஆட்டிசம் அல்லாத வேறு நடத்தைச் சிக்கல்கள் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்தபோது, ஒரு மழலைப்பள்ளிச் சிறுவனிடம் கதைப்புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவன் எடுத்த புத்தகங்களையே, எடுத்த வரிசையிலேயே, இன்னொரு நாள் ஆசிரியர் எடுத்து வாசித்தார். புத்தகம் அதே, வரிசையும் அதே. ஆனால் அவன் ஈடுபாடு இறங்கியது, குறும்பு ஏறியது. புத்தகம் எவ்வளவு பிடித்தமானதாக இருந்தாலும், எடுத்த கை யாருடையது என்பதற்கும் ஒரு விலை இருக்கிறது.

கோட்டூர்புரம்

1985-ல் இன்னொன்றும் நடந்தது. பேச்சும் நடமாட்டமும் தடைப்பட்ட குழந்தைகளுக்காகச் சென்னையில் பூனம் நடராஜன் ஒரு மையம் தொடங்கினார். இன்று கோட்டூர்புரத்தில் வித்யா சாகர் என்று அறியப்படுவது அதுதான். பேச இயலாதவர்களுக்கு மாற்றுவழியில் பேசக் கற்றுக்கொடுப்பதில் நாட்டிலேயே முன்னோடி இடங்களில் ஒன்று. அத்தகைய குழந்தைகளைப் பார்த்துப் பழகிய அனுபவத்திலிருந்துதான் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன் 'ஆவாஸ்' கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் குரல் வரும். படங்களைக் கோத்தால் வாக்கியம் வரும். 2011-ல் எம்.ஐ.டி.யின் டெக்னாலஜி ரிவ்யூ பத்திரிகை 35 வயதுக்கு உட்பட்ட புதுமையாளர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. தனிக் கருவியாகத் தொடங்கி டேப்லட் செயலியாக மாறிய ஆவாஸ் இப்போது தமிழிலும் பேசுகிறது.

குரல் வந்த பிறகு காகித அட்டைக்கு மவுசு போயிருக்கவேண்டும். போகவில்லை. சார்ஜ் தீராது, தண்ணீரில் விழுந்தால் துடைத்துக்கொள்ளலாம், கோபத்தில் எறிந்தால் உடையாது, தொலைந்தால் லேமினேஷன் காசோடு போயிற்று.

திருச்சி

அக்கா வீட்டுக்கு முதலில் வந்தது எங்கிருந்தோ இறக்கிப் பிரின்ட் எடுத்த படங்கள். காலைச் சாப்பாடு என்றால் ரொட்டியும் முட்டையும். பள்ளி என்றால் மஞ்சள் நிற நீளப் பேருந்து. இட்லி தின்று வேனில் போகிற பிள்ளைக்கு அதில் என்ன தெரியும்? பிறகு அக்கா செல்போனில் படம் எடுத்தாள். அவன் தட்டு, அவன் இட்லி, அவன் போகும் பூங்காவின் ஊஞ்சல். ஜெராக்ஸ் கடைக்காரர் "ஐடி கார்டாம்மா?" என்று கேட்டுக்கொண்டே லேமினேட் செய்து கொடுத்தார். அடையாள அட்டைதான், ஒரு வகையில். கூர்மையான மூலை கண்ணில் குத்தும் என்று உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வளைத்து வெட்டினோம்.

உற்சாகத்தில் இருபது அட்டைகளை ஒரே பலகையில் ஒட்டினோம். அவன் எல்லாவற்றையும் பிய்த்து விசிறினான். வெல்க்ரோவின் சர்ர் என்ற சத்தம் பிடித்ததே தவிரப் படங்களைப் பார்க்கவேயில்லை. ஸ்பீச் தெரபி மேடம் பலகையைப் பார்த்துச் சிரித்தார். "ஓட்டல் மெனு கார்டு மாதிரி இருக்கு. முதல்ல ஒண்ணு. அது பழகினதும் ரெண்டு, ஒண்ணு அவனுக்கு உயிர், இன்னொண்ணு அவனுக்கு ஆகாதது. வித்தியாசம் தெரிஞ்சப்புறம்தான் ரெண்டும் பிடிச்சது."

முதல் அட்டை முறுக்கு. அக்கா எதிரே முறுக்குத் துண்டோடு, நான் அவன் முதுகுக்குப் பின்னால். அவன் முறுக்குக்குக் கை நீட்டும்போது நான் அந்தக் கையைப் படத்தின் மேல் கொண்டுபோய், எடுக்கவைத்து, அக்காவின் உள்ளங்கையில் வைக்கவேண்டும். எல்லாவற்றையும்விடக் கஷ்டம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். அடுக்களையிலிருந்து அம்மா "முறுக்கு வேணுமாடா கண்ணு?" என்று ஆரம்பிப்பாள், இருவரும் சேர்ந்து அவளை அடக்குவோம். மூன்றாம் நாள் மாலை என் கை அவன் கையைத் தொடுமுன்பே அட்டை அக்காவின் கைக்குப் போயிருந்தது.

அம்மாவுக்கு வேறு கவலை. "படத்தக் காட்டியே காரியம் நடந்துட்டா, புள்ளைக்குப் பேச்சு எப்படி வரும்?" எல்லா வீட்டிலும் எழுகிற கேள்வி இது. 2006-ல் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் சலித்து, நம்பத்தகுந்த ஆதாரம் இருந்த 27 பேரைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். படம், சைகை, கருவி என்று மாற்றுவழி பழகியதால் பேச்சு குறைந்தவர் அதில் ஒருவர்கூட இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஓரளவு கூடியே இருந்தது.

அக்கா மாதக் காலண்டரில் ஒவ்வொரு கடிக்கும் சிவப்புப் புள்ளி வைத்து, பக்கத்தில் நேரத்தையும் அதற்கு முன் நடந்ததையும் இரண்டு சொல்லில் குறிப்பாள். ஒரு மாதத் தாளைப் பார்த்தாலே தெரிந்தது: புள்ளிகள் நாலு மணியிலும், குளிக்கக் கூப்பிடும்போதும் ஈ மாதிரி மொய்த்தன. அதனால் நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே ஊஞ்சலும் பந்தும் அவன் கண்முன் வந்தன. புயல் அடிக்கும்போது அட்டையை நீட்டிப் பயனில்லை. அதற்கு முன்பே நீட்டவேண்டும். நீட்டிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணவேண்டும். அவன் பார்த்து, யோசித்து, கை எடுக்க அவ்வளவு நேரம் ஆகும். நாம் மூன்றிலேயே பொறுமை இழப்போம்.

குளியல் தப்பாது. ஆனால் சிவப்பு மக்கா நீல மக்கா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பது அவன் இஷ்டம். மருந்து வேண்டுமா என்று கேட்கவே கூடாது. கேட்டால் வேண்டாம் என்ற பதிலுக்கும் கட்டுப்படவேண்டும். தண்ணீரோடா தேனோடா என்று கேட்கலாம். 'போதும்' என்று ஓர் அட்டை, நீட்டினால் பாடம் அங்கேயே இரண்டு நிமிடம் நிற்கும். தப்பு செய்தான் என்று அட்டைகளைப் பிடுங்கி ஒளித்துவைப்பது மட்டும் எந்நாளும் இல்லை. பேசுகிற பிள்ளையின் வாயைக் கட்டித் தண்டிப்போமா?

ஒரு வாரம் எந்த அட்டையும் பலிக்கவில்லை. காலண்டர் முழுக்கச் சிவப்பு, காலையிலிருந்து இரவுவரை. கடைசியில் பல் டாக்டர் கண்டுபிடித்தார்: கடைவாய்ப்பல்லில் சொத்தை. வலிக்கிறது என்பதற்கு நாங்கள் அட்டையே செய்திருக்கவில்லை. திடீரென்று முரட்டுத்தனம் ஏறினால் முதலில் காது, பல், வயிறு பார்க்கவேண்டும் என்று அன்று கற்றோம்.

மெல்ல மெல்லப் புள்ளிகள் நாலு மணியை விட்டு நகர்ந்தன. சில நாட்கள் வெறுமையாகவே போயின. அக்கா அரைக்கை ரவிக்கை தைத்துக்கொண்டாள்.

பல் பதிந்தது அப்படியொரு மாலையில்தான். ஊஞ்சல் அட்டையை எடுத்துக் கொடுத்தான், செருப்பு மாட்டினான், மூவரும் பூங்காவுக்குப் போனோம். கேட்டில் பூட்டு, உள்ளே ஏதோ வேலை. அவன் பூட்டைப் பார்த்தான். அக்கா கையிலிருந்த அட்டையை வாங்கி மறுபடி அவள் கையில் வைத்தான். ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறை அழுத்தி. நாங்கள் அடித்த நோட்டு, வங்கி வாசலிலேயே செல்லாமல் போனது. அவன் முகம் சிவந்தது. அக்காவின் கையைப் பிடித்தான், பல்லருகே கொண்டுபோனான், அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடித்தது கையை இல்லை. கைக்குள் இருந்த அட்டையை.

அன்று இரவு அக்கா ஒரு புது அட்டை செய்தாள். படம் இல்லை, வெள்ளைத்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பெரிய கட்டம், உள்ளே காலி. கீழே 'வேற' என்று எழுதினாள். நாம் காட்டுகிற இரண்டிலும் அவனுக்கு வேண்டியது இல்லாத நாட்களுக்கு. பூங்கா பூட்டியிருந்தால் இனி ஊஞ்சல் அட்டையின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட பிளாஸ்டிக் ஒட்டும். வீட்டை விட்டுக் கிளம்புமுன்பே, போன் போட்டு விசாரித்துவிட்டு. கொடுக்க முடியாத நோட்டைப் புழக்கத்தில் விடுவதில்லை என்று முடிவாயிற்று. 'வேற' வந்ததும் அவன் எங்களைக் கைபிடித்து மாடிக்கும், பக்கத்து வீட்டுக் கோழிக்கும், ஒருநாள் ஓடாத கிரைண்டருக்கும் கூட்டிப்போனான். அவன் உலகத்தில் இவ்வளவு இருக்கிறது என்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

இப்போது அவனுக்கு ஏழு வயது. முப்பது நாற்பது சொல் வாயில் வருகிறது. கோபம் வராமல் இல்லை. வரும்போது பெரும்பாலும் காலைத் தரையில் உதைக்கிறான். ஊஞ்சலுக்குப் புது அட்டை போட்டாயிற்று. பிளந்த பழையதை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று நான் எடுத்துவந்துவிட்டேன்.

இன்று மதியம் அக்காவோடு என் வீட்டுக்கு வந்தான். நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தேன். மேசையருகே வந்து நின்றான். பிளந்த அட்டையை எடுத்தான், திருப்பிப் பார்த்தான், பல் தடத்தை விரலால் தடவினான். எனக்கு அது செல்லாத நோட்டு. அவன் அதை என் உள்ளங்கையில் வைத்து, "சித்தி" என்றான். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. போகத்தான் வேண்டும்.